பேழைக்குள் குரல், வாயிலுக்கு வெளியே ஓதுவார்

சென்ற திங்கள் ஒரு காலைப்பொழுது. பென்னலூரில் என் வீட்டுத் திண்ணையில் பழைய மாணவர் ஒருவர் வந்து அமர்ந்தார். இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்து உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் இரவுமுறைப் பணி முடித்து, நிறுவனப் பேருந்திலிருந்து இறங்கி நேரே வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. கைப்பேசியை என்னிடம் நீட்டி, “ஐயா, என் முதல் இசைப்பேழை. இதற்குத் தாங்கள் ஓர் அணிந்துரை எழுதித் தரவேண்டும்” என்றார்.

தொழிற்சாலையில் அவரோடு நிற்பவர்க்கு அவர் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி. உண்மையில் அவர் முறையாகத் தேவார இசை பயின்ற ஓதுவார். மாலைதோறும் இப்பகுதிச் சிற்றூர்ச் சிவன்கோயில் ஒன்றில் பாடிவிட்டுத்தான் இரவு வேலைக்குப் போகிறார். கோயிலில் அவர்க்குக் கிடைப்பது வண்டிக்கு எரிநெய் ஊற்றவும் போதாது. அக்கோயிலின் பெயரைச் சொல்லி யாரையும் தலைகுனிய வைப்பது என் நோக்கமன்று, பெயர் கிடக்கட்டும்.

பேழையில் ஏழு பாடல்கள். நான்கு திருமுறைப் பதிகங்கள். மூன்று அவரே எழுதிய புதுப்பாடல்கள். பக்க இசையாக மின்னிசைப்பலகை, கித்தார், பொறிமுரசு. நான் முகஞ்சுளிப்பேன் என்று எண்ணினார் போலும். உடனே கைப்பேசியில் வேறொன்றைக் காட்டினார். அமெரிக்க நாட்டு யூதத் தொழுகைப் பாடகர் ஒருவர் தம் முதல் இசைத்தொகையை வெளியிடும் காட்சி. பழைய எபிரேய மன்றாட்டுகள், புதிய மெட்டுகள், கையில் கித்தார். “அவர்கள் செய்கிறார்கள், உலகம் கேட்கிறது. நான் செய்தால் மட்டும் குற்றமா ஐயா?” என்றார்.

குற்றமில்லை என்று அப்போதே சொன்னேன். ஆயினும் அவர் காட்டிய ஒப்புமை என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அவ்வொப்புமை எவ்வளவு தொலைவு பொருந்துகிறது, எவ்விடத்தில் முறிகிறது என்பதை நம் அன்பர்கள் முன் வைக்கவே இதனை எழுதுகின்றேன்.

யூதரின் தொழுகைக்கூடத்தில் முன்னின்று பாடி வழிபாட்டை நடத்துபவரை எபிரேயத்தில் ‘கசான்’ என்பர். முற்காலத்தில் கூடத்தைப் பேணும் மேற்பார்வையாளரைக் குறித்த சொல், பிற்காலத்தில் பாடுபவர்க்கு ஆயிற்று. நம் ‘ஓதுவார்’ என்னும் சொல்லோ தொடக்கமே தொழிலைச் சொல்கிறது: ஓது, ஓதல், ஓதுவார். (சாலமன் மன்னனுக்குக் கப்பலில் வந்த பொருள்களுள் மயிலைக் குறிக்க வந்துள்ள ‘துக்கி’ என்னும் எபிரேயச் சொல் நம் ‘தோகை’யே என்று கால்டுவெல் எழுதியதை நம் அன்பர்கள் மறந்திரார். மொழியுறவு பேசுங்கால் இன்னொன்றையும் சொல்லிவிடுதல் நேர்மை: இறந்துபட்டதாக எண்ணப்பட்ட எபிரேயத்தை மீண்டும் வாய்மொழியாக்கிய எலியேசர் பென் யெகூதாவின் உழைப்பை நாம் போற்றுவோம், அதனால் இசுரேல் அரசு பாலத்தீன மக்கட்கு இழைப்பதையெல்லாம் போற்றுகின்றோம் என்று பொருளாகாது. முள்ளிவாய்க்காலைக் கண்ட இனத்துக்கு அவ்வேறுபாடு விளங்கும்.)

இசைத்தட்டு தோன்றிய நாளிலேயே இந்தப் பூசல் அவர்களிடையே எழுந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெர்சோன் சிரோட்டா என்னும் பெரும்பாடகர் தம் குரலைத் தட்டில் பதியக் கொடுத்தார். ஒதேசா நகரில் பாடிய பின்காசு மின்கோவ்சுக்கி அதனைக் கடுமையாக எதிர்த்தார். மன்றாட்டுப் பாடல் தகாத இடங்களிலெல்லாம் கேளிக்கையாக ஒலிக்கலாமா என்பது அவர்தம் சினம். சினம் நேரியது, ஆயின் காலம் வேறு தீர்ப்பு எழுதியது. 1943இல் வார்சாவின் அடைப்புக் குடியிருப்பில் இட்லர் படையின் கொடுமைக்குச் சிரோட்டாவும் அவர்தம் குடும்பத்தாரும் இரையாயினர். பாடியவர் போனார், பாடிய கூடம் போனது, கேட்டிருந்த மக்களும் போயினர். தட்டு எஞ்சியது.

நமக்கு அண்மையிலும் அப்படி ஒன்றுண்டு. பாற்கர இரவிவர்மன் என்னும் சேரமன்னன் கி.பி. 1000ஐ ஒட்டி யூதத் தலைவன் ஈசுப்பு இறப்பானுக்கு அளித்த செப்பேடு வட்டெழுத்தில் வெட்டப்பட்டது. அம்மரபின் வழியில் வந்த கொச்சி யூதப் பெண்டிர் மலையாள மொழியில் நூற்றுக்கணக்கான பாடல்களைக் கையேடுகளில் எழுதிவைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தனர். 1950களில் அம்மக்களிற் பெரும்பாலார் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தனர். பாடிய மூதாட்டியர் ஒவ்வொருவராக மறைந்துவரும் வேளையில் அக்குரல்களைத் திரட்டி 2004இல் எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்து இசை ஆய்வு நடுவம் வட்டாக வெளியிட்டது. ஆள் போனபின் குரலைக் காப்பது பேழை. அதன் மாண்பு அது.

இனி, ஆளும் இடமும் உயிரோடிருக்கையில் பேழை என்ன செய்யும்? யோசல் உரோசன்பிளாட்டு 1912இல் அமெரிக்கா சென்றவர். அவர்தம் இசைத்தட்டுகள் யூதரல்லாதார் வீடுகளிலும் ஒலித்தன. 1918இல் சிக்காகோ இசைநாடகக் குழு பெரும்பொருள் தருவதாக அழைத்தும் அவர் போகவில்லை. மேடையில் நடிப்பது தொழுகைப் பாடகன் நிலைக்கு ஒவ்வாது என்றார். தட்டில் பாடலாம், இடத்தை விடலாகாது என்பது அவர் வரைந்துகொண்ட கோடு. எனக்கு அக்கோடு பிடித்திருக்கிறது.

அடுத்தவர் தெபி பிரீடுமன் என்னும் அம்மையார். முறைப்படி தொழுகைப் பாடகர் பட்டம் பெற்றவரல்லர். 1972இல், இருபத்தோராம் அகவையில், பள்ளி மாணவர் பாடற்குழுவைக் கொண்டு தம் முதல் தட்டை வெளியிட்டார். நாட்டுப்புற மெட்டு, கித்தார், எபிரேயமும் ஆங்கிலமும் கலந்த சொற்கள். முறைவழிப் பாடகர் பலர், ‘இது சிறுவர் முகாம் பாட்டு, வழிபாட்டுக்கு ஆகாது’ என்று ஒதுக்கினர். ஆனால் கூடத்தில் அமர்ந்திருந்த மக்கள் வாய்திறந்து கூடப்பாடினர். 1980களின் இறுதியில் அவர் அமைத்த நோய்தீர வேண்டும் மன்றாட்டு இன்று அந்நாட்டு யூதக் கூடங்கள் பலவற்றில் வழிபாட்டின் உறுப்பாகிவிட்டது. 2011இல் அவர் மறைந்தபின், தொழுகைப் பாடகரைப் பயிற்றும் நியூயார்க்குக் கல்லூரிப் பிரிவுக்கே அவர் பெயரைச் சூட்டினர். பழித்த அவையே பெயர் சூட்டியது. இசையின் புதுமையால் மட்டும் இது நேர்ந்ததன்று. அப்பாடல் சென்று சேர்வதற்கு ஓர் இடம் இருந்தது. வழிபாட்டின் நடுவே, மக்கள் முன்னிலையில், பாடுவதற்கென்றே ஒதுக்கிய இடம். அங்கே பாடல் முடியும் வரை வேறெதுவும் நடவாது.

என் மாணவர் காட்டிய ஒப்புமை முறிவது இங்கேதான்.

நம் ஓதுவார் எங்கே நிற்கிறார்? கருவறைக்கு வெளியே, மண்டபத்துத் தூணோரம். எப்போது பாடுகிறார்? வடமொழி வழிபாடெல்லாம் முடிந்து, ஒளிகாட்டிய பின். எவ்வளவு நேரம்? தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என ஐந்துக்கு ஐந்து பாடல். விரைந்து முடிக்கக் கண்சாடை வேறு. அந்நேரத்தில் மக்கள் திருநீற்றுக்குக் கை நீட்டிக் கொண்டிருப்பர். அருகே சுவரில் மாட்டிய மின்முரசப் பொறி மணியும் கொட்டுமாய் அலறும். என் மாணவர் பாடுவதை நானே பலமுறை அப்பொறியின் இரைச்சலுக்கிடையே உதட்டசைவைக் கண்டுதான் அறிந்திருக்கின்றேன். பொத்தானை அழுத்தினால் வேலை செய்யும் அப்பொறிக்குக் கூலியில்லை, பசியில்லை, குரல்கம்மல் இல்லை.

இன்னொரு கொடுமை. விடியலில் அதே கோயில் ஒலிபெருக்கியில் தருமபுரம் ப. சுவாமிநாதனாரின் திருமுறைப் பதிவு முழங்குகிறது. எத்துணைப் பெருங்குரல்! பண்ணும் சொல்லும் ஒன்றையொன்று விழுங்காமல் நிறுத்திப் பாடியவர் அவர். அப்பதிவுகள் இல்லையேல் பல பண்களின் சாயலை நம் பிள்ளைகள் கேட்டே இரார். ஆனால் மறைந்த பெருமகனாரின் குரல் ஒலிக்கிறது என்பதைக் காட்டியே உயிரோடிருக்கும் ஓதுவார்க்குக் காலை வேளைப் பணி இல்லையென்று ஆக்கிவிட்டனர். ‘அதுதான் ஓடுகிறதே, நீங்கள் எதற்கு?’ என்கின்றனராம். சிரோட்டாவின் குரல் தட்டில் மட்டும் எஞ்சியதற்குப் பகைவன் படை வேண்டியிருந்தது. நமக்கு ஒரு பொத்தான் போதுமாயிருக்கிறது.

இப்படியா இருந்தோம்? தொண்டைநாட்டுத் திருவல்லத்துப் பல்லவர் காலக் கல்வெட்டிலேயே திருப்பதியம் பாடுவார்க்கு அறம் வைத்த செய்தி உண்டு. தஞ்சைப் பெருங்கோயிலில் அருண்மொழியாம் இராசராசன் திருப்பதியம் பாட 48 பிடாரரையும், அவர்க்குத் துணையாக உடுக்கை வாசிப்பான் ஒருவனையும் கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் அமர்த்தினான். ஆளுக்கு நாள்தோறும் நெல் முக்குறுணி. குறுணி எட்டு நாழி. ஆகவே நாளொன்றுக்கு இருபத்துநான்கு நாழி, அஃதாவது காற்கலம். முப்பது நாளைக்கு ஏழரைக் கலம். பாடியவர் மாய்ந்தாலும் வேற்றூர் சென்றாலும் அவர்க்கு அடுத்த உறவினர் பாட வேண்டும் என்றும், உறவினர் தகுதியற்றவராயின் தக்கவரைத் தேர்ந்து அமர்த்த வேண்டும் என்றும் கல்லில் எழுதிவைத்தான். 48 குரலுக்கு இரண்டே தோற்கருவி என்பதைக் கவனிக்க வேண்டும். சொல் மேலே, கொட்டு கீழே என்னும் அளவு அக்கணக்கிலேயே இருக்கிறது. இன்று ஒரு குரலுக்கு மேல் ஒரு பொறி.

அடுத்துப் பேழையின் இசைக்கு வருவோம். என்னை யாரும் ‘பழம்பஞ்சாங்கம்’ என்று தள்ள வேண்டா. 2005இல் இளையராசா திருவாசகத்தைப் புடாபெசுட்டு இசைக்குழுவோடு அமைத்து வெளியிட்டபோது முதல் வாரத்திலேயே வாங்கிக் கேட்டவன் நான். கிறித்தவக் குருவானவர் ஒருவர் முன்னின்று நடத்திய தமிழ் மையம் அதனை வெளியிட்டது என்பது நம் மொழியின் அகலத்துக்குச் சான்று. இடையே ஆங்கில வரிகளைச் செருகியது எனக்கு உடன்பாடன்று. மற்றபடி மாணிக்கவாசகரை வெளிநாட்டு நரம்பிசை சுமந்து வந்ததைக் கேட்டு மெய்சிலிர்த்தேன். புதுக்கருவி பகையன்று. எந்தப் பண்ணோடு எந்தக் கருவி இணங்கும் என்று பாராமல் கட்டுவதே பகை.

மாணவரின் முதற்பாடல் பழம்பஞ்சுரப் பண். கருநாடக இசையார் சங்கராபரணம் என்று வழங்கும் அந்த நரம்புநிரல் மேலைநாட்டாரின் முதன்மை நிரலோடு ஒத்தது. அதனால் மின்னிசைப்பலகை அங்கே இடறவில்லை, நன்றாகவே அமைந்தது. இரண்டாவது கௌசிகம்; இன்றைய பைரவி. அதன் உயிர் நரம்பின் அசைவிலும் உருட்டிலும் உள்ளது. பலகையின் கட்டைகளோ ஒவ்வொன்றும் ஒரு நிலைக்குத் தறிக்கப்பட்டவை. குரல் அசைகிறது, கட்டை நிற்கிறது. இரண்டும் உராய்வது செவிக்குத் தெரிகிறது. மூன்றாவது ஒரு திருத்தாண்டகம். தாண்டகத்தைத் தாளமின்றி, சொல்லின் அளவுக்கே மூச்சை விட்டுப் பாடுவது ஓதுவார் மரபு. ‘சுத்தாங்கம்’ என்று வடசொல்லால் அதனை வழங்குகின்றனர், முறை நம்முடையதே. அதன் அடியில் பொறிமுரசை ஓடவிட்டிருக்கிறார்! நாவுக்கரசர் நின்று நினைந்து சொல்லும் இடமெல்லாம் இவர் முரசுக்காக ஓடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. கோயிலில் எந்தப் பொறி இவர் குரலை மூடுகிறதோ, அதே பொறியைத் தம் பேழைக்குள் தாமே அழைத்து வந்துவிட்டார். இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிற்று. நெடுநேரம் பேசவில்லை.

புதுப்பாடல்கள் மூன்றும் எனக்குப் பிடித்தன. மெட்டு எளிது, பள்ளிப் பிள்ளைகள் ஒருமுறை கேட்டால் பாடிவிடுவர். சொல்லில்தான் சிவப்பு மை தேவைப்பட்டது. ‘தரிசனம்’ என்றிருந்ததைக் ‘காட்சி’ ஆக்கினேன், ‘பாதம்’ ‘அடி’யாயிற்று, ‘ஆனந்தம்’ ‘களிப்பு’ ஆயிற்று. ஒவ்வோரிடத்திலும் அசை குறைந்து பாடல் இலேசாயிற்று. “பாடவும் எளிதாகிறதே ஐயா” என்று அவரே வியந்தார். ஆகும். மூவர் பாடலும் அப்படித்தான் ஊர் ஊராய் நடந்தது.

இவ்விடத்தில் யூதர்க்கும் நமக்கும் உள்ள பெருவேறுபாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்க யூதர்க்கு மறைமொழி எபிரேயம், வீட்டுமொழி ஆங்கிலம். ஆதலால்தான் பிரீடுமன் அம்மையார் இரண்டையும் கலந்து பின்ன வேண்டியிருந்தது. நமக்கோ திருமுறையின் மொழியும் தாய் தாலாட்டும் மொழியும் ஒன்று. ஆயிரத்து முந்நூறாண்டுப் பழமையுடைய சம்பந்தர் பாடலின் சொற்களிற் பலவற்றை என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உரையின்றி உணர்கின்றனர். உலகில் எத்தனை இனத்தார்க்கு இப்பேறு வாய்த்தது? வாய்த்தும் என்ன? அந்த ஒரே மொழி கருவறை வாயிலுக்கு வெளியே கைகட்டி நிற்கிறது.

எல்லா இடத்திலும் அப்படியன்று என்பாரும் உளர். உண்மை. எங்கட்கு அண்மையில் உள்ள திருப்பெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். மாலியக் கோயில்களின் திருவுலாவில் ஆழ்வார் தமிழ் ஓதும் குழு இறைவன் திருவுருவுக்கு முன்னே செல்லும். வேதம் ஓதும் குழு பின்னே வரும். தமிழுக்குப் பின் தெய்வம், தெய்வத்துக்குப் பின் வேதம். அந்த வரிசையைச் சிவனியக் கோயில்கள் ஏன் கற்கவில்லை என்று நான் பலரைக் கேட்டிருக்கின்றேன்.

தில்லையில் நடந்ததை நாம் அறிவோம். சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாடுவதற்கே ஓர் அரசாணை வேண்டியிருந்தது. 2008 பிப்பிரவரி 29இல் ஆணை பிறந்தது; மார்ச்சு 2இல் சிவனடியார் ஆறுமுகசாமி என்னும் முதியவர் காவலர் சூழ மேடையேறிப் பாடினார். தேவாரம் கிடைத்த ஊரில் தேவாரம் பாடக் காவல்! 2021இல் எல்லாச் சாதியினரும் பூசகராகவும் ஓதுவாராகவும் அரசால் அமர்த்தப்பட்டபோது, மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலுக்கு இளம்பெண் ஒருவர் ஓதுவாராக வந்தார். இதைப் புதுமை என்றனர். யூதரின் சீர்திருத்தப் பிரிவினர் 1975இல் முதற்பெண்ணைத் தொழுகைப் பாடகராக ஏற்றதை அவர்களும் புதுமை என்றே கொண்டாடினர். ஆனால் நம் மரபுச் செய்தியோ, ஏடுகள் கிடைத்தபின் மறைந்த பண்களை மீட்டுத் தந்தவளே எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழிவந்த ஒரு பெண் என்கிறது. பண் தந்தவள் மரபினள் பாட வந்தால் அது புதுமையா, மீட்சியா?

மீண்டும் திண்ணைக்கு வருகின்றேன். மாணவரிடம் நான் கேட்டது இரண்டே. தாண்டகத்தின் அடியிலுள்ள முரசை எடுத்துவிட வேண்டும். கௌசிகப் பாடலுக்குப் பலகையை நீக்கி ஒரு சுருதிப்பெட்டியோ வயலினோ வைக்க வேண்டும். இது முதலாவது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மீண்டும் கூலி கொடுக்க வேண்டுமே என்றார். கொடுக்கத்தான் வேண்டும், பாதியை நான் தருகின்றேன் என்றேன். இரண்டாவது, இப்பேழை இணையத்தில் ஏறுமுன் இதன் பாடல்களை அவர் பாடும் கோயிலில், வழிபாட்டு நேரத்தில், மக்கள் முன் நின்று பாட வேண்டும். பேழையைக் கேட்பவர் ‘இவர் எந்தக் கோயிலில் பாடுகிறார், போய்க் கேட்போம்’ என்று புறப்பட்டு வரவேண்டும். வந்தால் அவர் நிற்க அங்கே ஓர் இடம் இருக்க வேண்டும்.

“முதலாவதை நான் செய்துவிடுவேன். இரண்டாவது என் கையில் இல்லையே ஐயா” என்றார்.

அன்று மாலையே இருவரும் கோயில் அலுவலரைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர், கேட்டதும் மறுக்கவில்லை, மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றும் தள்ளிப்போடவில்லை. வரும் காரிக்கிழமை மாலை வழிபாட்டில் ஒளிகாட்டுமுன் ஒரு நாழிகை நேரம் மின்முரசப் பொறியை நிறுத்திவைக்க இசைந்திருக்கிறார். மாணவர்க்கு அன்று வாரவிடுப்பு இல்லை. உடன் பணியாற்றும் ஒரியாக்காரத் தம்பி ஒருவர் முறை மாற்றிக்கொள்ள ஒப்பியிருக்கிறார். பொறியின் பொத்தான் தூணுக்குப் பின்புறம் இருக்கிறது. மறதியில் யாரும் அழுத்திவிடாதபடி அதன் அருகில் நான் நிற்பதாக ஏற்பாடு. அணிந்துரையை அதன்பின் எழுதுவேன்.